ராஜா தலையில் கட்டி!

இங்கிலாந்தில் நான்காம் ஜார்ஜ் என்று ஒரு ராஜா இருந்தார். 1820-ல் அரியணை ஏறினார். அவர் தலையில் ஒரு கட்டி. உயிருக்கு ஆபத்து இல்லாத கட்டிதான். ஆனாலும் கிரீடம் வைக்கும் தலை அல்லவா! ஆஸ்ட்லி கூப்பர் என்ற பெயர் பெற்ற டாக்டரை அழைத்தார்கள்.

கூப்பர் தயங்கினார். புண் சீழ் பிடித்துவிட்டால் தம் பெயரே கெட்டுப்போகும் என்று பயந்தார். அப்போது மயக்க மருந்து கிடையாது. ஈதர் மருந்தைப் பலர் முன்னிலையில் செய்து காட்டியதே 1846-ல்தான். கடைசியில் துணிந்து அறுத்தார். புண் ஆறியது. 1821-ல் ராஜா அவருக்குப் பரம்பரைப் பட்டம் கொடுத்தார்.

இன்று இதே கட்டியை எடுக்க அரை மணி, முக்கால் மணி நேரம் போதும். சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே எடுக்கிறார்கள். அப்படியிருந்தும் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஊசியால் குத்துகிறார்கள். நகத்தால் பிதுக்குகிறார்கள். சுண்ணாம்பு தடவுகிறார்கள். சூடு வைப்பவர்களும் உண்டு. இது கூடவே கூடாது!

உள்ளே ஒரு பை

நம் தோலின் மேல்பகுதி தினமும் உதிர்கிறது. குளிக்கும்போது தேய்த்தால் அழுக்கோடு வருகிறதே, அதுதான். மயிர்க்கால் அடைத்துக்கொண்டாலோ, காயம் பட்டாலோ, சில சமயம் தோலில் சிறிது உள்பக்கம் போய்விடுகிறது. போன தோல் சும்மா இருப்பதில்லை. ஒரு பையாக வளர்கிறது. வெளியே உதிர வேண்டியதைப் பைக்குள்ளேயே உதிர்க்கிறது. அது சேர்ந்து சேர்ந்து வெள்ளைக் களி ஆகிறது. நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே பொருள்தான். நாற்றம் மட்டும் தாங்காது!

பலர் இதைக் கொழுப்புக் கட்டி என்கிறார்கள். அது வேறு. கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும்; விரல் பட்டால் நழுவும். இந்தக் கட்டியின் நடுவில் பெரும்பாலும் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். தலையில் வருவதற்கு அந்தப் புள்ளி இராது. சில குடும்பங்களில் அது தந்தைக்குப் பின் பிள்ளைக்கும் வரும். ஒட்டுவாரொட்டி அல்ல. பத்தியம் இருந்தாலும் போகாது.

பிதுக்கினால் களி வரும். கட்டி அமுங்கும். "போய்விட்டது" என்று மகிழ்வார்கள். பை உள்ளேயே இருக்கிறதே! மறுபடி நிரம்பிவிடும். பை உள்ளுக்குள் கிழிந்தால் களி சதையில் பரவும். சிவந்து, வீங்கி, வலிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீழ் பிடித்தால் பெரிய தொல்லை. சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். பையைத் தொடாது.

டாக்டர் மரத்துப்போக ஊசி போடுவார். தோலைக் கீறிப் பையை முழுசாக எடுத்துத் தையல் போடுவார். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கட்டி சிவந்து வலிக்கும் நேரத்தில் போனால், சீழை மட்டும் வடித்துவிட்டுச் சில வாரம் கழித்து வரச் சொல்லலாம். தட்டிக் கழிக்கிறார் என்று கோபப்பட வேண்டாம். புண்பட்ட பை பிய்ந்து போகும், முழுசாக வராது. ஒரு துண்டு நின்றாலும் மறுபடி வளரும்.

வலி இல்லை, வளரவும் இல்லை என்றால் எடுக்காமலே விடலாம். ஆனால் இந்தக் கட்டிதானா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இவை வேறு!

கல் போல இறுகி அசையாமல் இருப்பது, வேகமாக வளர்வது, 5 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்தது: இவற்றை உடனே காட்ட வேண்டும். கழுத்தில் நெறி கட்டி, வாரக் கணக்கில் கரையாமல், உடம்பும் மெலிந்தால் அது காசநோயாக இருக்கலாம். அதற்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மார்பில் கட்டி தட்டுப்பட்டால், சிறிதோ பெரிதோ, காட்டியே தீர வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு கணவரிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். "வலிக்கவில்லையே" என்று மாதக் கணக்கில் மறைக்கிறார்கள். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை! பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். துணைக்கு அக்காவையோ அண்ணியையோ அழைத்துப் போகலாம். நாளைக் காலையிலேயே போகலாம்.