தலையிடிக்குக் காரணம் கோபுரமா?

வீதி முனையில் புதிய கைத்தொலைபேசிக் கோபுரம் எழும்பினால் போதும், "டொக்டர், இதாலை பிள்ளையளுக்குப் புற்றுநோய் வருமோ?" என்று எம்மவர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆபத்துகளுக்குள் வாழ்ந்து வந்த சமூகம் நாம். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னவுடன் நம்பிவிட மாட்டோம்.

கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு விடயங்கள் அடங்கியுள்ளன. எக்ஸ்ரே, காமாக் கதிர்கள் எமது கலங்களிலுள்ள மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியவை. கைத்தொலைபேசி, வைஃபை, கோபுரம் ஆகியவற்றின் வானொலி அலைகளுக்கு அந்தச் சக்தி கிடையாது. அளவு மிகவும் கூடினால் அவை உடலைச் சூடாக்கும். அதைத் தடுக்கவே பாதுகாப்பு எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. கோபுரத்திலிருந்து விலக விலக அலையின் வலு விரைவாகக் குறைகிறது. மாறாக, சிக்னல் குறைந்த இடத்தில்தான் எமது காதோடு இருக்கும் தொலைபேசி கூடுதல் வலுவுடன் இயங்குகிறது.

2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இவ்வலைகளை 'புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் உண்டு' என்ற 2பி வகையில் சேர்த்தது உண்மை. சான்றுகள் மட்டுப்பட்டவை, ஆனால் சந்தேகம் முற்றாக நீங்கவில்லை என்பதே அதன் பொருள். பின்னர், உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி, நாம் வாழும் அவுஸ்திரேலியாவின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனமான ஆர்பன்சாவின் தலைமையில் 63 ஆய்வுகள் தொகுத்து ஆராயப்பட்டன. அதன் முடிவு 2024இல் வெளியானது. கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. பத்து வருடங்களுக்கு மேல் பாவித்தவர்களிடமும் காணப்படவில்லை.

எமது கவலை வேறு. தலையிடி, களைப்பு, நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் கோபுரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, வைத்தியரிடம் போகாமல் இருப்பவர்கள் எம்மிடையே உண்டு. அந்தக் களைப்பு நீரிழிவாகவோ இரத்தச்சோகையாகவோ இருக்கலாம். நித்திரையின்மைக்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கலாம். தெற்காசியர்களான எமக்கு நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மறக்கக்கூடாது.

கைத்தொலைபேசியால் வரும் நிச்சயமான தீங்குகளும் உண்டு. கார் ஓட்டும்போது அதைப் பார்ப்பது உயிரைப் பறிக்கும். படுக்கையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளின் நித்திரையைக் கெடுக்கும். அலைகளைப் பற்றிய பயம் இன்னும் இருந்தால், ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். அதுவே போதும்.

கோபுரத்துக்கு எதிராகக் கையெழுத்து வைப்பது உங்கள் உரிமை. ஆனால் தலையிடி தொடர்ந்தால், முதலில் உங்கள் வைத்தியரிடம் சென்று இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள்.