கூரைக்கு எத்தனை ஆணி?

சிதம்பரம் நடராசர் கோவிலில் பொன்னம்பலம் இருக்கிறது. அதன் கூரை பொன் கூரை.

அந்தக் கூரையில் 21,600 ஓடுகள். அவற்றைப் பிடித்திருக்கும் ஆணிகள் 72,000. இது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு 21,600. உடம்பில் ஓடும் நாடிகள் 72,000. அதைக் குறிக்கவே இப்படி அமைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆண்டவன் வீட்டுக் கூரைக்குக் கணக்கு இருக்கிறது. மனிதன் வீட்டுக் கூரைக்கு?

வீட்டின் மேல் போட்ட ஷீட்டில் எத்தனை ஆணி என்று கேட்டால், வீட்டுக்காரர் விழிக்கிறார். கூரை போட்ட கம்பெனியும் அதைச் சொன்னது இல்லை.

கடலூர் மாவட்டத்தில் இது விளையாட்டுக் கேள்வி அல்ல. உயிரைக் காக்கும் கேள்வி!

புயல் வரும் பாதை

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலையில் "தானே" புயல் கரையைக் கடந்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது.

பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. குடிசைகள் பிய்த்து எறியப்பட்டன. ஓடும் தகரமும் பறந்தன. 40 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. 2020 நவம்பரில் "நிவர்" வந்தது. 2024 நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" வந்தது. இரண்டும் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தன. கடலூர் அடுத்த ஊர்தானே!

புயல் போன மறுநாள் கூரை வியாபாரம் சூடு பிடிக்கிறது. வீட்டுக்குள் மழை ஒழுகும்போது யார்தான் பேரம் பேசுவார்கள்? குழந்தை நனையாமல் இருந்தால் போதும் என்றுதானே தாய் நினைப்பாள்?

அந்த அவசரம்தான் வியாபாரியின் மூலதனம்.

அன்றும் இன்றும்

முன்பு கீற்று வீடுகள் மிகுதி. கீற்று வேய்கிறவர் உள்ளூர்க்காரர். ஒழுகினால் தெருவில் மடக்கிக் கேட்கலாம். இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் அவர் ஒழுங்காக வேய்ந்தார்.

இன்று கூரை போடுவது பெருந்தொழில் ஆகிவிட்டது. குடிசைக்கும் ஷீட். மாடியின் மேலும் ஷீட். கடைக்கும் கொட்டகைக்கும் ஷீட். பல ஊர்களில் ஒரே சமயத்தில் வேலை எடுக்கும் கம்பெனிகள் வந்துவிட்டன.

இத்தகைய கம்பெனியில் ஆர்டர் பிடிப்பவர் ஒருவர். அவருக்குக் கமிஷன். ஷீட் கொடுப்பவர் வேறு ஒருவர். கூரை மேல் ஏறிப் பொருத்துபவர்கள் கூலி ஆட்கள். அவர்களுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி.

சதுர அடிக்குக் கூலி என்றால் என்ன நடக்கும்? எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்களோ அவ்வளவு லாபம். ஒரு ஷீட்டுக்கு 12 திருகாணி போட நேரம் ஆகும். 6 போட்டால் பாதி நேரம் போதும்.

வெயிலில் கூரை மேல் நின்று உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாளியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வேகத்துக்கு மட்டும் கூலி கொடுக்கும் முறைதான் குற்றவாளி.

மறு வாரம் ஒழுகினால்? ஆர்டர் பிடித்தவர் கம்பெனியைக் காட்டுவார். கம்பெனி கூலி ஆட்களைக் காட்டும். கூலி ஆட்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள்.

காற்று கூரையைத் தூக்கும்

புயல் காற்று கூரையை அழுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கூரை மேல் காற்று வேகமாக ஓடும்போது அது ஷீட்டை மேலே இழுக்கிறது. உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு, ஒரு சதுர அடியில் ஏறக்குறைய 8½ கிலோ பலம் உண்டு. 35 சதுர அடியை மூடும் ஒரு ஷீட்டை, ஏறக்குறைய 300 கிலோ பலத்தோடு அது தூக்கப் பார்க்கும். ஷீட்டின் எடையோ 10 முதல் 15 கிலோதான்!

அந்த ஷீட்டைப் பிடித்திருப்பது எது? திருகாணி ஒன்றுதான்.

12 திருகாணி இருந்தால் ஒவ்வொன்றும் 25 கிலோ தாங்க வேண்டும். 6 இருந்தால் ஒவ்வொன்றும் 50 கிலோ தாங்க வேண்டும். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு இன்னும் அதிகம். அங்கே ஆணியும் அதிகமாக வேண்டும்.

அதனால்தான் ஆணியை எண்ண வேண்டும்.

தராசு பொய் சொல்லாது

அடுத்தது ஷீட்டின் கனம்.

"அரை மில்லி ஷீட் அக்கா, யானை ஏறினாலும் தாங்கும்" என்பார் ஆர்டர் பிடிப்பவர். அந்த அரை மில்லியில் பெயிண்டும் பூச்சும் சேர்ந்ததா, இரும்பு மட்டுமா? அதை அவர் சொல்வது இல்லை. பார்வைக்கு எல்லா ஷீட்டும் ஒன்றுபோலப் பளபளக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் தராசு கண்டுபிடித்துவிடும். சாதாரண ஷீட், மடிப்பதற்கு முன்பு 4 அடி அகலத் தகடு. அதில் 10 அடி நீள ஷீட்டை நிறுத்துப் பார்க்கலாம். இரும்பு முழு அரை மில்லி இருந்தால் ஏறக்குறைய 14½ கிலோ இருக்கும். 0.35 மில்லி என்றால் 10 கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கும். வித்தியாசம் 4 கிலோவுக்கு மேல்!

பழைய இரும்புக் கடைக்காரர் கூட நிறுத்துத்தான் வாங்குகிறார். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் புது ஷீட்டை யாரும் நிறுப்பது இல்லை.

அளவில் ஒரு வித்தை

4 அடித் தகட்டை நெளிநெளியாக மடித்தால் அகலம் சுருங்கும். கூரையில் ஏறக்குறைய 3½ அடியைத்தான் அது மூடும். 10 அடி ஷீட்டுக்கு 40 சதுர அடி என்று பணம் வாங்கினாலும், மூடும் இடம் 35 சதுர அடிதான்.

பேச்சுக்கு ஒரு கணக்கு. வீட்டுக் கூரை 350 சதுர அடி. ஒரு கம்பெனி சதுர அடிக்கு 110 ரூபாய் கேட்கிறது. மூடிய இடத்துக்கு மட்டும் கணக்கு. மொத்தம் 38,500 ரூபாய். இன்னொரு கம்பெனி 100 ரூபாய்தான் கேட்கிறது. ஆனால் தகட்டு அளவுக்குக் கணக்கு. 400 சதுர அடி ஆகிறது. மொத்தம் 40,000 ரூபாய்.

விலை குறைந்த கம்பெனிக்கு 1,500 ரூபாய் அதிகம்! விலையை மட்டும் கேட்டு அளவைக் கேட்காதவர் ஏமாறுவார்.

உத்தரவாதத்தின் பொடி எழுத்து

"10 வருட உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எதற்கு உத்தரவாதம்? பெரும்பாலும் துரு பிடிக்காது, நிறம் மங்காது என்பதற்கு. பொருத்திய வேலைக்கு அல்ல. புயல் தூக்கிப் போனால் "இயற்கைச் சீற்றம்" என்று கையை விரிக்கலாம்.

கடலுக்கு மிக அருகே உள்ள வீட்டுக்குச் செல்லாது என்றும் சில உத்தரவாதங்களில் பொடி எழுத்தில் இருக்கும். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வீடு வைத்திருப்பவர் என்ன செய்வார்? உப்புக் காற்றுக்குப் பயந்துதானே அவர் உத்தரவாதம் கேட்டார்?

அமெரிக்காவிலும் இதே கதை

அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. ஆலங்கட்டி மழை பெய்த ஊருக்கு வெளியூர்க் கூரைக் கம்பெனிகள் விரைகின்றன. வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்குகின்றன. புயலைத் துரத்திப் போகிறவர்கள் என்றே அவர்களுக்குப் பட்டப்பெயர்.

அங்கே அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. வீடு தேடி வந்து விற்றவரிடம் போட்ட ஒப்பந்தத்தை 3 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்ற விதி 1970-களிலேயே வந்துவிட்டது. இன்சூரன்ஸ் பணத்தைக் காட்டி ஆசை வார்த்தை சொல்லும் கூரைக்காரர்களை அடக்க, டெக்சாஸ் மாநிலம் 2019-ல் சட்டம் போட்டது.

அவசரத்தில் இருப்பவனுக்கு நிதானிக்க 3 நாள் கொடு என்பதே அந்த விதியின் பொருள். நல்ல விதி.

கம்பெனிகள் சொல்வது

கூரைக் கம்பெனிகள் எல்லாம் மோசம் என்று சொல்வது அநியாயம். நாணயமாகத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு குறை உண்டு.

"கனமான ஷீட் போட்டு, நிறைய ஆணி அடித்தால் விலை கூடும். அடுத்த கம்பெனி 10 ரூபாய் குறைத்துச் சொன்னால் ஜனங்கள் அங்கே போய்விடுகிறார்கள்" என்பதே அந்தக் குறை.

இதில் நியாயம் இருக்கிறது. இதற்கு மருந்தும் எளிதுதான். கனத்தையும், அளவையும், ஆணியின் எண்ணிக்கையையும் காகிதத்தில் எழுதிவிட்டால் போதும். விலை ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று யாருக்கும் விளங்கும். நாணயமானவர் பிழைப்பார். மற்றவர் திருந்துவார்.

அரசு கட்டித் தரும் வீட்டுக்கு இப்படி அளவு உண்டு. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை என்று வரையறுத்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாத குடும்பம் சொந்தப் பணத்தில்தான் ஷீட் போடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு அளவு சொல்வது யார்?

மாவட்ட நிர்வாகம் சொல்லலாம். ஒரே பக்கத்தில் மாதிரி ஒப்பந்தம் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகங்களில் வைக்கலாம். பெரிய செலவு இல்லை.

கேட்க வேண்டியவை

அதுவரை குடும்பங்கள் தாங்களே விழிப்பாக இருக்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பு ஐந்து விஷயங்களை எழுதி வாங்க வேண்டும். இரும்பின் கனம் எவ்வளவு? சதுர அடியை எப்படி அளப்பார்கள்? ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாய்களுக்கு நடுவே எத்தனை அடி இடைவெளி? ஒரு ஷீட்டுக்கு எத்தனை திருகாணி? ஒழுகினால் சரி செய்யும் பொறுப்பு யாருக்கு?

எழுதித் தர மறுக்கும் கம்பெனிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

பணம் முழுவதையும் ஒரே தடவையில் கொடுக்கக் கூடாது. ஒரு பங்கை முதல் மழை வரையில் நிறுத்தி வைக்கலாம். இதையும் முன்பே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

"பில் இல்லாமல் வாங்கினால் மலிவு" என்பார்கள். பில் இல்லாதவருக்கு வழக்கும் இல்லை. பில் இருந்தால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். யோசனை கேட்க 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

படிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஒப்பந்தத்தை அந்தப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். வீட்டில் எல்லோரும் கேட்கட்டும். ஆட்கள் கூரை மேல் வேலை செய்யும்போது, கீழே நின்று ஆணியை எண்ணட்டும்.

ஐப்பசி பிறந்தால் மழை. கார்த்திகையில் புயல். கூரையைச் சரிபார்க்க வேண்டிய காலம், வானம் வெளுத்திருக்கும் இந்தக் காலம்தான்!