மெக்காலே அன்று எங்கே இருந்தார்?

மெக்காலேயின் பெயரில் ஒரு பேச்சு நம் பள்ளிக்கூடங்களில் உலவிக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் சுற்றினாராம், ஒரு பிச்சைக்காரனோ திருடனோ அவர் கண்ணில் படவில்லையாம், இந்த நாட்டை அடக்க வேண்டுமானால் இதன் பழைய கல்வியை ஒழித்தாக வேண்டும் என்று முடித்தாராம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்கிறோம், ஆண்டு விழா மேடையில் சொல்கிறோம், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் ஒருமுறையாவது யாராவது அனுப்புகிறார்கள். இடமும் தேதியும் தவறாமல் கூடவே வரும்: பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 1835 பிப்ரவரி 2.

அந்த நாளில் மெக்காலே லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். கல்வி பற்றிய அவருடைய புகழ்பெற்ற குறிப்பு அங்கே எழுதப்பட்டு, அதே தேதியைத் தாங்கி நிற்கிறது. கப்பலில் இங்கிலாந்து போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன காலம் அது. ஒரே நாளில் இரண்டு ஊரிலும் இருக்க அவரால் முடியாது. சரி, நாட்டையாவது சுற்றினாரா? 1834 ஜூனில் சென்னையில் இறங்கினார். ஆற்காடு, பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம் வழியாகப் பல்லக்கில் ஊட்டி போய், அங்கே தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்க்கைப் பார்த்தார். பிறகு கல்கத்தா. வந்து எட்டு மாதம்கூட ஆகாத மனிதர் குறுக்கும் நெடுக்கும் பார்த்த இந்தியா அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெக்காலேயைத் திட்டுவதற்குப் பொய்ப் பேச்சு தேவையே இல்லை. தனக்குச் சமஸ்கிருதமும் தெரியாது அரபியும் தெரியாது என்று அந்தக் குறிப்பில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அலமாரித் தட்டுக்கு இந்தியாவும் அரேபியாவும் எழுதிக் குவித்தது அனைத்தும் ஈடாகாது என்று தீர்ப்பும் எழுதுகிறார். கல்வியைப் பற்றி இந்த மண்ணில் எழுதப்பட்ட அறியாமைப் பேச்சுகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது அது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு பாடவேளை முழுக்க விவாதிப்பார்கள். நாமோ அதை விட்டுவிட்டு, அவர் பேசாததை மேடை ஏற்றுகிறோம்.

ஆசிரியர்கள் வகுப்பில் உளறியதைக் கைபேசியில் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிச் சிரிப்பது இப்போது ஒரு பொழுதுபோக்கு. அந்தச் சிரிப்பில் இந்த இதழுக்குப் பங்கு வேண்டாம். வாரத்துக்கு முப்பது பாடவேளையும், எமிஸ் பதிவேற்றமும், தேர்தல் பணியும், விடைத்தாள் கட்டும் பார்க்கிற ஒருவர் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார். அவ்வளவு பேசினால் நாலு தப்பு வராமல் இருக்காது. கவலை அதைப் பற்றியது அல்ல. வரலாற்று ஆசிரியர்களான நம் கையில் மிக எளிய ஒரு கருவி இருக்கிறது: அந்த ஆள் அந்த நாளில் எந்த ஊரில் இருந்தார் என்ற கேள்வி. பெரிய நூலகம் வேண்டாம், ஆவணக் காப்பகத்துக்கு நடக்க வேண்டாம். மெக்காலே பேச்சு இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. ஆனாலும் அது நம் வாயிலேயே, வரலாறு படித்தவர்கள் வாயிலேயே, ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

ஜூலை மாதம் வேலூர்ப் புரட்சியின் மாதம். அதனால் அதே கேள்வியை இன்னொரு பாடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1835 பிப்ரவரியில் மெக்காலே எழுதிக்கொண்டிருந்தபோது, அவருடைய இடத்திலிருந்து சில மைல் தெற்கே, கல்கத்தாவின் டாலிகஞ்சில் யார் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்? திப்பு சுல்தானின் குடும்பம்.

இதைச் சொன்னால் நம்மில் பலர் வியப்பது வழக்கம். நம் வகுப்புகளில் திப்புவின் கதை 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு முடிந்துவிடும். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் 1806 ஜூலை 10 வரை, வேலூர்க் கோட்டை வரை இழுத்து வருவார்கள். அதற்குப் பிறகு, திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று ஒரு வரி. அந்த வரியை வாசிக்கும்போது மணி அடித்துவிடும். அதோடு திப்புவின் வம்சம் அழிந்தது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, பாடத்துக்குச் சுபம் போடுகிறவர்களும் உண்டு.

அழியவில்லை. டாலிகஞ்சுக்குப் போகிற எவரும் அவர்களுடைய பெயர்களின் மேல்தான் நடக்கிறார்கள். பிரின்ஸ் அன்வர் ஷா சாலை, பிரின்ஸ் குலாம் முகமது ஷா சாலை, பிரின்ஸ் பக்தியார் ஷா சாலை, பிரின்ஸ் ரஹிமுத்தீன் சந்து எல்லாம் அந்தக் குடும்பத்தின் பெயர்கள். கொல்கத்தா போகும் நம் ஊர்க்காரர்கள் ஆசையாய்ப் போகிற சவுத் சிட்டி மால் இருப்பது அன்வர் ஷா சாலையில். எத்தனை வரலாற்று ஆசிரியர்கள் அந்த மாலில் படிக்கட்டு ஏறி இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. இளைய மகன் குலாம் முகமது 1872 வரை வாழ்ந்தார், பிரிட்டிஷாரிடம் சர் பட்டமும் வாங்கினார். தர்மதலாவில் நிற்கும் திப்பு சுல்தான் மசூதி 1842இல் அவர் கட்டியது. டாலிகஞ்சிலும் அவர் கட்டிய மசூதி ஒன்று உண்டு. அப்பா போரில் விழுந்த வாசலிலிருந்து மகன் பட்டம் வாங்கிய தர்பார் வரைக்குமான அந்த எழுபது ஆண்டுகளில் ஒரு காலனிய வரலாறே அடங்கிக் கிடக்கிறது. அரசகுடும்பத்தைச் சங்கிலி போடாமல் எப்படி அடக்குவது, ஓய்வூதியம் கொடுத்து எப்படி மறக்கடிப்பது, இரண்டு தலைமுறையில் எதிரியை எப்படி விருந்தாளி ஆக்குவது என்பதையெல்லாம் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பெண்கள் கதை வேறு. ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் ஆகியோரின் கல்லறைகள் இன்றும் வேலூரில், கோட்டைக்குச் சற்றுத் தள்ளி இருக்கின்றன. பாதுஷா பேகம் இறந்தது 1834இல். ஆண்கள் கல்கத்தாவுக்குப் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது அப்போது. குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது என்று ஒரே மூச்சில் சொல்லும்போது அந்தப் பெண் காணாமல் போகிறாள். வேலூர் மாவட்ட ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: கோட்டைக்குச் சுற்றுலா அழைத்துப் போகிற பிள்ளைகளை அந்தக் கல்லறைகளுக்கும் ஒரு நடை கூட்டிப் போங்கள்.

புரட்சியைப் பற்றி நாம் சொல்வதிலும் ஒரு சோம்பல் இருக்கிறது. ‘தொப்பியால் வந்த கலகம்’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். அக்னியூ தலைப்பாகையும் அதில் இருந்த தோல் குஞ்சமும் காரணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த உத்தரவு நெற்றிக்குறியையும் தடுத்தது, தாடியையும் மழிக்கச் சொன்னது, கடுக்கனையும் கழற்றச் சொன்னது. 1806 மே மாதமே வேலூர்ச் சிப்பாய்கள் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். முன்னணியில் நின்ற இருவருக்குத் தலா 900 கசையடி. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். இந்த ஒரு விவரத்தை வகுப்பில் சொல்லிவிட்டால், இது திப்பு குடும்பத்தின் சதி மட்டும்தான் என்றோ, முஸ்லிம் சிப்பாய்களின் வேலை என்றோ போகிறபோக்கில் ஒரு வார்த்தை விட முடியாது. அப்படி வார்த்தை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்ட வார்த்தை கடைசி பெஞ்சில் எந்தப் பிள்ளையின் முகத்தில் போய் விழுகிறது என்று பார்ப்பதில்லை. தேதி தப்பாகச் சொன்னால் மறுநாள் திருத்தலாம். ஒரு பிள்ளையை வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்க வைத்த பேச்சை மறுநாள் எந்தக் கரும்பலகையில் திருத்துவது?

திப்பு குடும்பத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் கூடாது. ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குத் திருமணம். மறுநாள் அதிகாலை துப்பாக்கி வெடித்தது, கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது, திப்புவின் மகன் பதே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள். இளவரசர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது இன்றும் வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கிற விஷயம். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையிலேயே அடக்கிவிட்டார். கவர்னர் பெண்டிங்க்கையும் தளபதி கிரடாக்கையும் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது.

ஆம், அதே பெண்டிங்க். வேலூரால் சென்னையில் பதவி இழந்தவர், 1828இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். 1835 மார்ச்சில் மெக்காலேயின் குறிப்பை அரசின் கொள்கையாக ஏற்றவரும் அவரே. அவர் பதவி போகக் காரணமான கலகத்தின் பேரால் நாடு கடத்தப்பட்டவர்கள் அதே ஊரின் தென்கோடியில் இருந்தார்கள். நம் பாடத்திட்டத்தில் வேலூர் ஓர் அலகு, ஆங்கிலக் கல்வி இன்னோர் அலகு. இரண்டையும் ஒரே மனிதர் இணைக்கிறார் என்று எத்தனை வகுப்பில் சொல்லப்படுகிறது?

கல்கத்தா பற்றியே இப்படிப்பட்ட கூற்றுகள் இன்னும் இரண்டு. சுங்கச்சாவடி (ஆங்கிலத்தில் டோல்) இருந்ததால் டாலிகஞ்ச் என்ற பெயர் வந்தது என்று ஊகித்துச் சொல்வது எளிது. வில்லியம் டாலி என்ற ராணுவ அதிகாரி ஆதிகங்கையின் தூர்ந்த தடத்தை வெட்டி 1777இல் படகு விட வழி செய்தார். டாலி நாலா அது. ரசாபக்லா என்ற கிராமம் அவர் பெயருக்கு மாறியது. (அவர் படகுகளிடம் சுங்கம் வாங்கியதும் உண்மை. தவறான விளக்கங்கள் இப்படித்தான் உண்மையின் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும்.) அந்தக் கால்வாயின் நடுவே இப்போது மெட்ரோ ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

மற்றது, கல்கத்தாவை ஜோப் சார்னாக் 1690 ஆகஸ்ட் 24இல் நிறுவினார் என்பது. போட்டித் தேர்வுக் கையேடுகளில் இன்றும் இருக்கிறது, நாமும் ஒப்பிக்க வைக்கிறோம். சபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் வரலாற்றாசிரியர் குழு ஒன்றின் அறிக்கையைப் பெற்று, 2003 மே மாதம் தீர்ப்புச் சொன்னது: சார்னாக் நிறுவனர் அல்ல, அந்த நகரத்துக்குப் பிறந்தநாளும் இல்லை. சுதாநுதி, கலிகட்டா, கோவிந்தபூர் ஆகிய மூன்று கிராமங்களின் உரிமையைக் கம்பெனி 1698இல் அந்தக் குடும்பத்திடமிருந்து 1300 ரூபாய்க்குப் பெற்றது. ஊர் அதற்கு முன்பே இருந்தது. வரலாற்று உண்மையை நீதிமன்றம் முடிவு செய்யலாமா என்பது தனி விவாதம், நமக்கு அதில் தயக்கம் உண்டு. ஆனால் தீர்ப்பு வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் மாற்றிச் சொல்லாமல் இருப்பதற்கு அந்தத் தயக்கம் காரணம் அல்ல என்பது நமக்கே தெரியும்.

மேலே சொன்ன பிழைகளை எல்லாம் விட ஆபத்தான வாக்கியம் ஒன்று நம் வகுப்புகளில் தினமும் கேட்கிறது. அது தகவல் பிழையே அல்ல. ‘கல்கத்தாவுக்குப் போன பிறகு அவங்க என்ன ஆனாங்க சார்?’ என்று ஒரு பிள்ளை கேட்கிறது. ‘அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு’ என்கிறோம். கேட்ட பிள்ளை உட்காருகிறது. அதோடு அந்த ஆண்டு முழுக்க வேறு எதுவும் கேட்பதில்லை. கேட்கிற பிள்ளை இல்லாத வகுப்பில்தான் மெக்காலே பேச்சு சௌகரியமாய் வளர்கிறது. 1835இல் அவர் எங்கே இருந்தார் என்று எழுந்து கேட்டிருக்க வேண்டியவர்களை நாம்தான் உட்கார வைத்துவிட்டோம். தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பதற்கு ஐந்து விநாடி ஆகும். அதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று பயிற்சிக் கல்லூரியில் யாரோ நம் காதில் ஓதி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

அடுத்த இதழில் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பயன்படும் ஒரு வரைபடத் தாளை இணைக்கிறோம். ஸ்ரீரங்கப்பட்டணம், வேலூர், டாலிகஞ்ச் மூன்றையும் கோடிட்டு, ஒவ்வோர் ஊரிலும் திப்பு குடும்பத்தில் யார், எந்த ஆண்டில் என்று பிள்ளைகளே நிரப்பும்படி அமைத்திருக்கிறோம். பெண்டிங்க், மெக்காலே இருவருக்கும் தனித்தனிக் கோடு உண்டு. ஒரு பாடவேளைக்குள் முடியாது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: உங்கள் பள்ளியில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்து, சோதித்துப் பார்த்ததில் விழுந்துபோன கூற்றுகளை எழுதி அனுப்புங்கள். சொன்னவர் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். எந்தக் கேள்வியால் அது விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு மாணவர் என்றால், எந்த வகுப்பு என்று சேர்த்து எழுதுங்கள்.