தடை விழுந்தது, வேகன் நிற்கவில்லை

ஒரு உருக்காலையின் மேல் பொருளாதாரத் தடை என்று பத்திரிகையில் படித்தால், ஆலைக் கதவுக்கே பூட்டு விழுந்துவிட்டது போல நமக்குத் தோன்றுகிறது. கூட்ஸ் ஆபீசில் உட்கார்ந்து வேகன் கணக்கு எழுதுகிற என் போன்றவனுக்குச் சந்தேகம் வருகிறது. சரக்கு எங்கே புறப்பட்டது, எங்கே போய்ச் சேர்ந்தது, செலவு யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால்தான் தடையின் யோக்கியதை தெரியும்.

ருஷ்யாவின் செவர்ஸ்தால் கம்பெனியைப் பார்ப்போம். அதன் பெரிய ஆலை மாஸ்கோவுக்கு வடக்கே செரப்போவெத்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. சுமார் மூன்று லட்சம் ஜனங்கள் உள்ள ஊர். அங்கே முதல் இரும்பு வார்த்தது 1955-இல். அதே வருஷம்தான் நம் பிலாய் ஆலைக்குச் சோவியத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. ஆகவே பிலாயில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அதை அண்ணன் முறை ஆலை என்றே சொல்லலாம். அந்த ஊரில் தாதும் கிடையாது, கரியும் கிடையாது. தாதுவைக் கரேலியா, கோலா தீபகற்பப் பக்கங்களிலிருந்தும், கரியைத் துருவப் பிரதேசத்து வொர்க்குத்தாவிலிருந்தும் ரயிலில் கொண்டுவருவது என்று திட்டமிட்டே கட்டினார்கள். ரயில் இல்லையென்றால் அந்த ஆலையே இல்லை.

2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தது. 28-ஆம் தேதியே ஐரோப்பிய யூனியன், செவர்ஸ்தால் முதலாளி அலெக்ஸி மொர்தஷோவின் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. கம்பெனியின் விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐரோப்பாவில். மார்ச் 2-இல் அது நின்றது. அதே மாதம் கடன் பத்திர வட்டியாக 1 கோடியே 26 லட்சம் டாலரைக் கம்பெனி அனுப்பியது. நடுவிலிருந்த அமெரிக்க பாங்கு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள, கெடு தப்பியது. ஊருக்கு அனுப்பும் பணம் இங்கே கணக்கில் கழிந்து அங்கே போய்ச் சேராமல் தவித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அவஸ்தை ஒரு கோடீஸ்வரருக்கும் வந்தது! ஜூன் 2-இல் அமெரிக்கா கம்பெனியையே பட்டியலில் போட்டது.

இதே மொர்தஷோவைத்தான் 2006-இல் ஐரோப்பாவின் ஆர்செலார் உருக்குக் கம்பெனி கைகொடுக்க அழைத்தது. நம் லட்சுமி மித்தல் அதை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக! கடைசியில் மித்தலே வாங்கினார் என்பது வேறு விஷயம்.

சரி, ஆலை நின்றதா? 2021-இல் சுமார் 116 லட்சம் டன் உருக்கு. 2022-இல் சுமார் 107 லட்சம். 2023-இல் மறுபடி 113 லட்சத்துக்கு அருகில். நஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். செரப்போவெத்ஸிலிருந்து பீட்டர்ஸ்பர்க் துறைமுகம் ஐந்நூறு கிலோமீட்டருக்குள். கிழக்கே ஏற்றுமதி செய்வதென்றால் விளாடிவஸ்தோக் போகவேண்டும். மாஸ்கோவிலிருந்து அது 9,288 கிலோமீட்டர்! அந்தப் பாதையோ ஏற்கெனவே கரி வண்டிகளால் நெரிந்து கிடந்தது. பதினைந்து மடங்குக்கும் மேலான தூரம் போகிற வேகன் எப்போது காலியாகி, எப்போது திரும்பி வந்து, எப்போது அடுத்த லோடு ஏற்றுவது? இண்டென்ட் போட்டுவிட்டு வேகனுக்காகக் காத்திருக்கும் வியாபாரிகளைத் தினமும் பார்க்கிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பெரும்பகுதியை உள்நாட்டிலேயே விற்றார்கள். 2022-இல் நிறுத்திய லாபப் பங்கை 2024-இல் மறுபடி கொடுத்தார்கள். பெரும்பான்மைப் பங்கு மொர்தஷோவுடையது.

தடையே கூடாது என்று நான் வாதாடவில்லை. மரியுபோலில் அசோவ்ஸ்தால் என்ற உருக்காலை இருந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடம். 2022 வசந்தத்தில் குண்டுவீச்சில் அது பாழானது. அதைச் செய்தவர்களுக்கு ஒரு விலை இருக்கத்தான் வேண்டும்.

என் ஆட்சேபம் வேறு. ருஷ்ய உருக்குத் தகட்டைத் தடுத்த ஐரோப்பிய யூனியன், சிலாப் என்னும் கனத்த பாளத்தை மட்டும் இவ்வளவு டன் என்று அளவு வைத்து அனுமதித்தது. பெல்ஜியம், இத்தாலி, டென்மார்க் ஆகிய நாடுகளில் என்.எல்.எம்.கே. என்ற இன்னொரு ருஷ்யக் கம்பெனிக்கு ஆலைகள் உண்டு. ருஷ்யப் பாளத்தை அங்கே உருட்டித் தகடாக்குகிறார்கள். பாளம் வராவிட்டால் தங்கள் தொழிலாளிக்கு வேலை போய்விடும் என்று சொன்னார்கள். 2024-இல் முடியவேண்டிய சலுகையை, 2023 டிசம்பரில் 2028 செப்டம்பர் வரை நீட்டினார்கள். தொழிலாளியின் வயிற்றை நினைத்ததில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நம் நாடு ருஷ்ய எண்ணெயும் கரியும் வாங்கியபோது நமக்கு உபதேசம் செய்தார்களே, அப்போது நம் ஆலைத் தொழிலாளியின் வயிறு அவர்களுக்கு ஞாபகம் வரவில்லையே!

வேலைக்காகச் சலுகை என்றால் அதற்கு ஒரு விலை வைக்கட்டும். ஐரோப்பாவில் இறங்கும் ஒவ்வொரு டன் பாளத்துக்கும் ஒரு தொகை வசூலித்து, அசோவ்ஸ்தாலில் வேலை இழந்த குடும்பங்களுக்குக் கொடுக்கட்டும். அளவு வைத்து அனுமதிக்கிறவர்களிடம் டன் கணக்கு இருக்கும். துறைமுகத்தில் ரசீது போட ஒரு குமாஸ்தாவும் இருப்பான்.