மருத்துவ மாணவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் யோசனை

என் பேத்தி மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் விடுமுறைக்கு வந்தவள் தலையணை மாதிரி ஒரு புத்தகத்தை ஊஞ்சலில் தூக்கிப் போட்டாள். சமூக மருத்துவமாம். "தாத்தா, இதுல பாதி கக்கூசு, கொசு, கெணறு. இதப் படிக்கவா நான் நீட் எழுதினேன்?" என்றாள். அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை, மீதிப் பேருக்கு இதய மருத்துவம்தான் கனவு. இந்த வகுப்புக்கு வருகிறவர்கள் வருகைப் பதிவுக்காக வருகிறார்களாம்.

நான் வைத்தியம் படித்தவன் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, ஒரு கொம்யூன் அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தவன். இருந்தாலும் அவள் ஊஞ்சலில் போட்ட அந்தப் பாடம் எங்கள் மேசையில்தான் தொடங்குகிறது என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்தப் புத்தகத்தில் டாக்டர் ஜான் ஸ்னோ கதை இருக்கிறது. 1854இல் லண்டனில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா. சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்று எல்லோரும் சொல்ல, தண்ணீரால்தான் என்றார் ஸ்னோ. தெருக் கைப்பம்பின் பிடியைக் கழற்ற வைத்தார். இதை எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். ஆனால் ஸ்னோ பம்புத் தண்ணீரைப் பார்த்ததோடு நிற்கவில்லை, பதிவு அலுவலகத்துக்கும் போனார். அந்த வாரம் காலராவில் இறந்தவர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கினார். கடைசி மூன்று நாளில் மட்டும் 83 பேர். அந்த முகவரிகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், எங்கே தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்டார். 73 பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள், அவர்களில் 61 பேர் அதன் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று தெரிந்தது. பட்டியல் எழுதிய குமாஸ்தாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருக்கட்டும், எங்கள் ஜாதிக்கு அது பழக்கம்தான்.

எனக்கு ஸ்னோவைவிட அதே வட்டாரத்துப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட்டைப் பிடிக்கும். ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பியவர் அவர். விசாரித்துக்கொண்டே போனவருக்கு மறு வருஷம் இறப்புப் பதிவில் ஒரு வரி கண்ணில் பட்டது. பிராட் தெரு 40ஆம் எண் வீடு, ஐந்து மாதப் பெண் குழந்தை, மரணத்துக்கு நான்கு நாள் முன் வந்த வயிற்றுப்போக்கால் ஏற்பட்ட சோர்வு. பம்பு இருந்தது அந்த வீட்டுக்கு நேர் முன்னால். நான்கு நாள் முன் என்றால் அக்கம்பக்கத்தில் கொள்ளைநோய் வெடிப்பதற்கும் முன்னால். குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் கொட்டிய கழிவுக்குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடைவெளி மூன்றடிகூட இல்லை. குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது.

அந்த வரியை எழுதியவர் வெறும் "சோர்வு" என்று எழுதி நிறுத்தியிருந்தால் வைட்ஹெட் அதைத் தாண்டிப் போயிருப்பார். வயிற்றுப்போக்கு, நான்கு நாள் என்ற இரண்டு விவரம் சேர்ந்ததால்தான் அந்த வரிக்கு வாய் வந்தது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்து எத்தா சிவில் பதிவேடுகளை நான் நிறையப் புரட்டியிருக்கிறேன். குடியுரிமைக்காக நகல் கேட்டு வருவோர் அப்போது அதிகம். இறந்தவர் பெயர், வயது, தொழில், தகப்பனார் பெயர், இறந்த நேரம், சாட்சிகள் என்று எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். எதனால் இறந்தார் என்பது மட்டும் இருக்காது. அது குடும்பத்தின் அந்தரங்கம் என்பது அவர்கள் கொள்கை. நம்முடைய 1969ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போனது. காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஆனால் பொதுமக்களுக்குக் கொடுக்கும் சான்றிதழில் காட்டக் கூடாது. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். குடும்பத்து மானமும் தப்பியது, சர்க்காருக்குக் கணக்கும் கிடைத்தது.

கணக்கு சரியாக இருந்தால்தானே. ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் நான்காம் எண் படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். முதல் வரியில் உடனடிக் காரணம், அதன் கீழே அது எதனால் வந்தது, அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் மூலமான நோய். ஒவ்வொன்றுக்கும் எதிரே, தொடங்கியதிலிருந்து மரணம் வரை எவ்வளவு காலம் என்று ஒரு கட்டம். இதயம் நின்றது என்பது போல் சாகும் விதத்தை எழுதாதே, நோயை எழுது என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கும். ஆனாலும் என் மேசைக்கு வந்தவற்றில் முக்கால்வாசி என்ன சொல்லின தெரியுமா? இதயமும் மூச்சும் நின்றுவிட்டன! அவை நிற்காமல் செத்தவர் யாராவது உண்டா? மூல நோய் வரி காலி, காலக் கட்டமும் காலி. இரவு இரண்டு மணிக்குப் பயிற்சி மருத்துவர் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. இந்தியா முழுக்க 2020ஆம் ஆண்டில் பதிவான மரணங்களில் டாக்டர் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். அந்தக் கொஞ்சத்திலும் இந்தக் கதை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஓர் ஐப்பசி மழை. பன்னிரண்டு நாளில் நான்கு மரணங்கள் எழுதினேன். ஒன்றில் வயிற்றுப்போக்கு, ஒன்றில் காய்ச்சல், ஒரு பாட்டிக்கு முதுமை, நான்காவதற்கு வழக்கம்போல் இதயம். நான்காவதை எழுதும்போது தெருப் பெயரை நான் யோசிக்காமலே கை எழுதியது. அட, இதே தெருவை இப்போதுதானே எழுதினோம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. என் வேலை எழுதுவது, எழுதியதைப் படிப்பது வேறு யாருடைய வேலையோ என்று ஏட்டை மூடிவிட்டேன். மாதக் கடைசியில் கணக்கெடுக்க வந்த ஹெல்த் விசிட்டர் அம்மா முகவரிக் கட்டத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "ஏன் சார், எல்லாம் ஒரே தெருவா இருக்கே?" என்றார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்ததில், குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடியது தெரிந்தது. அதற்குள் ஐந்தாவதாக ஒரு குழந்தையின் பெயரையும் நான் எழுதியிருந்தேன்.

நான்கு சீட்டிலும் ஒரே சொல் இருந்திருந்தால் என்னைப் போன்ற மந்தமான குமாஸ்தாவுக்குக்கூட உறைத்திருக்கும்.

ஆகவே என் யோசனை இதுதான். சமூக மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்புகிறார்கள், சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்த்துவரச் சொல்கிறார்கள். அதெல்லாம் நல்லதுதான். அதற்கு முன் ஒரு வாரம் பதிவு மேசையில் உட்கார வையுங்கள். ஒரு வருஷத்து ஏட்டைக் கொடுத்து, எந்தத் தெரு, எந்த வயது, எந்த மாதம் என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். பிறகு நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கொடுத்து நான்காம் எண் படிவத்தை நிரப்பச் சொல்லி, பரீட்சையில் அதற்கு மார்க்கும் போடுங்கள். இந்தப் படிவம் சட்ட மருத்துவப் பாடத்தில் ஏற்கெனவே வருகிறதே என்று பேராசிரியர்கள் சொல்லலாம். வருகிறது. அங்கே அது போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பயந்து எழுதும் காகிதம். அடுத்த வீட்டுப் பிள்ளை பிழைக்க எழுதும் காகிதம் என்று எவர் சொல்லித் தருகிறார்?

ஏட்டில் அகப்படாத நோய்களும் உண்டு என்பது எனக்கும் தெரியும். யானைக்கால் யாரையும் கொல்வதில்லை, அதனால் அது என் ஏட்டுக்கு வந்ததே இல்லை. ஆனால் என் இளமையில் வீங்கிய கால் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. அதன் நுண்புழு ரத்தத்தில் ராத்திரியில்தான் தலைகாட்டும் என்பதால் இரவில் வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். தெரு நாயெல்லாம் குரைக்கும், நாங்கள் திட்டுவோம். 1981 முதல் 1985 வரை நம் ஊரின் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் சாக்கடை, கிணறு, குட்டை என்று கொசு முட்டையிடும் இடங்களையே குறிவைத்து வேலை செய்தது. அதையும் பிள்ளைகளுக்குக் காட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னபோது, "சரி தாத்தா, ஒரு கேஸ் குடுங்க, எழுதறேன்" என்றாள். என் அண்ணன் கதையைச் சொன்னேன். சர்க்கரை. செருப்புக் கடித்த புண், கால் அழுகல், ரத்தத்தில் விஷம் ஏறி ஆறாம் நாள் மரணம். அன்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இதயம் நின்றது என்று மட்டும் இருந்தது. அதை அப்படியே ஏட்டில் ஏற்றியவன் நான்தான். அந்த வருஷத்துச் சர்க்கரைக் கணக்கில் அண்ணன் இல்லை.

அவள் ஒரு தாளில் கட்டம் போட்டாள். மேலே ரத்தத்தில் தொற்று, அதன் கீழே கால் அழுகல், அதற்கும் கீழே நீரிழிவு என்று எழுதினாள். முதல் இரண்டுக்கும் எதிரே நாட்களைக் குறித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரிய தாத்தாவுக்கு சுகர் எத்தனை வருஷமா இருந்துச்சு?"

"இருபத்திரண்டு" என்றேன். எழுதிக்கொண்டாள்.