மூன்று மீட்டரில் யாருக்கு நட்டம்?

பட்டாசுக் கடைகளுக்குக் கெடுபிடி காட்டினால் சிவகாசித் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகுமாம். 2008 வெடிபொருள் விதிகள் தற்காலிகக் கடைகளிடம் கேட்பது என்ன? எளிதில் தீப்பற்றாத கொட்டகை, கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி, எதிரெதிரே கடை கூடாது, எண்ணெய் விளக்கு கூடாது. இதில் எது சிவகாசியில் ஒரு பெட்டி மத்தாப்பைக் குறைக்கிறது?

தொழிலாளி மீது அக்கறை என்றால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியையும் பேசுங்கள். 2023 அக்டோபரில் அங்கே பட்டாசுக் கடையில் பிடித்த தீயில் கருகியவர்களில் பெரும்பாலோர், தீபாவளி சீசனில் நாலு காசு பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். அவர்களும் தொழிலாளிகள்தானே? 2021 அக்டோபரில் சங்கராபுரத்திலும் கடைத்தெருவில்தான் பட்டாசுக் கடை எரிந்தது, உயிர்கள் போயின.

தீபாவளியன்று பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் அனுமதிக்கும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் போதுமா என்று வாதாடலாம். அது வேறு பேச்சு. விற்கும் இடத்தின் பாதுகாப்பில் பேரமே கூடாது. உரிமத்தில் கையெழுத்துப் போடுமுன் அதிகாரி டேப்போடு நேரில் வந்து அளக்கட்டும். பண்டிகைக்கு முந்தின நாள் உரிமம் கொடுத்தால் அளக்க ஏது நேரம்? முன்கூட்டியே வந்து அளந்து உரிமம் கொடுங்கள் என்பதைத்தான் வியாபாரிகள் சங்கம் கேட்க வேண்டும்.