சாயம் ஏற்றாத திசு சொல்வது என்ன?

மூளைக் கட்டி அறுவை சிகிச்சையின் நடுவே ஒரு திசுத் துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு மருத்துவர்கள் காத்திருப்பது வழக்கம். அதை உறையவைத்து, மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயியல் நிபுணர் கருத்துச் சொல்ல 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். 2020இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சாயமே ஏற்றாத திசுவை லேசர் நுண்ணோக்கியில் படமெடுத்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு இரண்டரை நிமிடத்துக்குள் கட்டியின் வகையைச் சொன்னது. இந்தத் தொழில்நுட்பத்தின் வேகம்தான் அதிகம் பேசப்படுகிறது. அதைவிடப் பெரிய ஆதாயம், நோயுற்ற மூளையில் நாம் இதுவரை பார்க்கத் தவறியதை இது காட்டுகிறது என்பதே.

இதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1928இல் கொல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறலே அடிப்படை. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் அலைநீளம், அந்த மூலக்கூறின் அதிர்வுக்கேற்ப மாறுகிறது. இயல்பில் இது மிக மங்கலானது. இரண்டு லேசர் கதிர்களின் அதிர்வெண் வேறுபாட்டை மூலக்கூறின் அதிர்வோடு பொருத்தினால் பல மடங்கு வலுப்பெறும். 2008இல் ஹார்வர்டில் சன்னி ஷியேவின் குழு இதை உயிர்த்திசுவைப் படமெடுக்கும் நுண்ணோக்கியாக வளர்த்தது. கொழுப்பின் அதிர்வு வேறு, புரதத்தின் அதிர்வு வேறு என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையின் உலர் எடையில் 70 விழுக்காட்டுக்கும் மேல் கொழுப்புதான். ஆகவே, மூளைத் திசு இம்முறைக்கு நன்கு பொருந்துகிறது.

வழக்கமான ஆய்வகமோ அந்தக் கொழுப்பைத்தான் முதலில் இழக்கிறது. விரிவான ஆய்வுக்காகத் திசுவை மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைக்கிறார்கள். கொழுப்பில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. எண்ணெய்க் கறை படிந்த துணியைத் துவைத்துவிட்டுக் கறையைத் தேடுவது போன்றது இது. அலோயிஸ் அல்சைமர் 1907இல் வெளியிட்ட குறிப்பில், மூளையில் கண்ட படிவுகளையும் நரம்பிழைச் சிக்கல்களையும் மட்டும் எழுதவில்லை. நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களில் கொழுப்பு சேர்ந்திருந்ததையும் எழுதினார். முதல் இரண்டும் அல்சைமர் நோயின் அடையாளங்களாயின. மூன்றாவது நெடுங்காலம் ஓரத்தில் கிடந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் மூளையில் அமிலாய்டு படிவுகளைச் சாயமின்றி அடையாளம் கண்டது. அவற்றைச் சூழ்ந்து கொழுப்பு வளையம் இருப்பதையும் அதே படத்தில் காட்டியது. கொழுப்புக்கும் அல்சைமர் நோய்க்கும் உள்ள தொடர்பு இன்று மீண்டும் ஆய்வுக்களத்தின் மையத்துக்கு வந்திருக்கிறது.

இதற்காகச் சாயத்துக்கு விடைகொடுத்துவிட முடியாது. புரதம் திரண்டிருக்கிறது என்று லேசர் சொல்லும். அது டாவ் புரதமா, ஆல்ஃபா சைனூக்ளினா என்று உறுதியாகச் சொல்ல ஆன்டிபாடி சாயம் வேண்டும். சிறிதளவே உள்ள மூலக்கூறுகள் இந்த நுண்ணோக்கிக்குச் சிக்குவதில்லை. ஒளியும் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட ஊடுருவிப் படம் தருவதில்லை. இன்னொரு வேடிக்கை: சாயமில்லாமல் எடுத்த படத்துக்கு, நிபுணர்களின் கண்ணுக்குப் பழகிய ஊதாவையும் இளஞ்சிவப்பையும் கணினி மூலம் பூசித்தான் அவர்களிடம் தருகிறார்கள்.

மேலே சொன்ன 2020 ஆய்வில் 278 நோயாளிகளின் திசுக்கள் சோதிக்கப்பட்டன. புதிய முறை 94.6 விழுக்காடும், நிபுணர்களின் வழக்கமான முறை 93.9 விழுக்காடும் சரியாகச் சொன்னது. இந்த நூலிழை வித்தியாசத்தைவிட முக்கியமான செய்தி வேறு. கணினி தவறிய இடங்களில் நிபுணர்கள் தவறவில்லை. நிபுணர்கள் தவறிய இடங்களில் கணினி தவறவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பலம். நிபுணர் இல்லாத மருத்துவமனையில் கருவியை மட்டும் வாங்கி வைத்துக் குறையைத் தீர்த்துவிடலாம் என்ற ஆசைக்கு இந்த ஆய்வே தடை போடுகிறது.

இந்தியாவுக்குக் கூடுதல் கவலை ஒன்றும் உண்டு. அந்தச் சோதனை நடந்தது மூன்று அமெரிக்க மருத்துவ மையங்களில். காசநோயாலும் நாடாப்புழு முட்டைகளாலும் மூளையில் உண்டாகி, ஸ்கேனில் புற்றுக்கட்டிபோலத் தோன்றும் பாதிப்புகள் நம் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. அங்கே பழகிய கணினி இவற்றை எவ்வளவு பார்த்திருக்கும்? எனவே, கருவி வாங்குவதற்கு முன் நம் நோயாளிகளின் திசுக்களில், அவர்களின் ஒப்புதலோடு, சாயமேற்றியும் ஏற்றாமலும் எடுத்த படங்களை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் உள்ளதுபோன்ற மூளைத் திசு வங்கிகள், கரைப்பான்களில் நனையாத உறைந்த திசுக்களையும் இத்தகைய ஆய்வுகளுக்குத் தர வேண்டும். அந்த ஒப்பீட்டில் கருவி வென்ற இடங்களைப் போலவே தோற்ற இடங்களும் வெளியிடப்பட வேண்டும். எங்கே தவறும் என்று தெரிந்த கருவியைத்தான் அறுவை அரங்கில் நம்ப முடியும்.